சர்ச்சைக்குரிய ஓவியர் கையில் நம் நாயகி

கேள்வி: "கிருஷ்ணகிரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் காமிக்ஸ் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்போம். 2014ல் வந்த ஸ்பைடர்-வுமன் தொடரின் தொகுப்புகளைச் சேர்ந்து வாங்கலாம் என்று பேச்செடுத்தேன். உடனே சண்டை. கிரெக் லேண்ட் வரைந்ததைக் காசு கொடுத்து வாங்குவதா என்கிறது ஒரு தரப்பு. படம் படம்தான், பிடிக்காவிட்டால் புரட்டிவிட்டுப் போ என்கிறது இன்னொரு தரப்பு. அப்புறம் மிலோ மனாரா வரைந்த அந்த அட்டை. எனக்கு அது பிடிக்கவில்லை என்றதும், 'பெரிய கலைஞர் வரைந்தது, உனக்குப் புரியவில்லை' என்று வாயை அடைத்துவிட்டார்கள். நமக்குப் பிடித்த நாயகி இப்படி ஒருவர் கைக்குப் போனால் ரசிகர்கள் என்னதான் செய்வது, சார்?"

பதில்:

எதை வாங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் இரண்டு தொகுப்புகளாக வந்திருக்கிறது. முதல் தொகுப்பில் 1 முதல் 4 வரையிலான இதழ்கள், வரைந்தவர் லேண்ட். இரண்டாவதில் 5 முதல் 10 வரை, வரைந்தவர் ஹாவியர் ரோட்ரிகஸ் என்ற ஸ்பெயின்காரர். எழுத்தாளர் இரண்டுக்கும் ஒருவரே, டென்னிஸ் ஹோப்லெஸ். இரண்டாவது தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள். முதலாவதை எங்காவது இரவல் கிடைத்தால் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்தாளர், ஒரே நாயகி, ஓவியர் மட்டும் வேறு. இந்த விவாதத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

உங்களுக்குப் புரியவில்லை என்று சொன்னார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். ஒரு படம் உறுத்துகிறது என்றால் அந்தப் படம் உங்கள் கண்ணை எங்கேயோ பிடித்து இழுத்திருக்கிறது, நீங்கள் அதை உணர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எங்கே இழுத்தது, எப்படி இழுத்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும், யாரும் உங்கள் வாயை அடைக்க முடியாது.

உங்கள் சண்டையில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துவிடுவோம். மனாராவும் லேண்டும் வேறு வேறு ஆட்கள், அவர்கள் மேல் உள்ள குறைகளும் வேறு வேறு.

மனாரா இத்தாலியர், 1945ல் பிறந்தவர். பெரியவர்களுக்கான காமக் கதைச் சித்திரங்களில் ஐரோப்பாவே கொண்டாடும் பெயர். இத்தாலியக் காமிக்ஸ் மேதை ஹியூகோ பிராட்டோடும் திரைப்பட இயக்குநர் ஃபெல்லினியோடும் வேலை செய்தவர். அவருடைய கோட்டைக் குறை சொல்ல எனக்குக் கையும் வராது, மனமும் வராது. ஆனால் ஸ்பைடர்-வுமன் கதையின் உள்பக்கம் ஒன்றைக்கூட அவர் வரையவில்லை. அவர் வரைந்தது முதல் இதழுக்கான மாற்று அட்டை மட்டும். அமெரிக்காவில் ஒரே இதழுக்கு இரண்டு மூன்று அட்டைகள் போடுவார்கள். சில அட்டைகளைக் கடைக்காரர் இத்தனை பிரதி எடுத்தால் ஒன்று என்ற கணக்கில்தான் தருவார்கள். சேகரிப்பவர்களுக்காகவே செய்யப்படும் வியாபாரம் அது. 2014 ஆகஸ்டில் அந்த அட்டைப் படம் வெளியானதும் உலகம் முழுக்கச் சண்டை மூண்டது. தொடரை வெளியிட்ட மார்வெல் பதிப்பகத்தின் தலைமை ஆசிரியராக இருந்த ஆக்செல் அலோன்சோ, குழப்பமான செய்தியைக் கொடுத்துவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பெண் வாசகர்களையும் மனதில் வைத்துத்தான் இந்தப் புதுத் தொடர் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த அட்டை வந்தது. படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மாடியின் விளிம்பைத் தாண்டி அவள் ஊர்ந்து ஏறுகிறாள். முகம் கீழே, இடுப்பு மேலே. உடை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, உடம்பின் மேல் சிவப்பு மையைப் பூசியதுபோல் இருக்கிறது. மாடிச்சுவர் ஏறிக் குதித்த யாருக்கும் தெரியும், விளிம்பைத் தாண்டும்போது உடம்பின் எடை முன்கையிலும் மார்பிலும்தான் விழும், இடுப்பு தாழ்ந்துதான் வரும். மனாராவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் அவள் ஏறுவதை வரையவில்லை, அவளை யாரோ பின்னால் நின்று பார்ப்பதை வரைந்திருக்கிறார். அவருடைய சொந்தப் புத்தகங்களில் அது அவர் தொழில், அதை வாங்குகிறவரும் தெரிந்துதான் வாங்குகிறார். ஒரு சாகச நாயகியின் முதல் இதழுக்கு வாசலாக அதை வைத்தது பதிப்பகம். குறை சொல்ல வேண்டியது அவரைத் தேர்ந்தெடுத்தவர்களை.

"ஸ்பைடர்-மேனும் அப்படித்தானே ஊர்கிறான்" என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அப்போதும் இணையத்தில் அதைத்தான் சொன்னார்கள். அதற்கு ரசிகர்களிடமே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2012 டிசம்பரில் ஹாக்ஐ இனிஷியேட்டிவ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாயகிகளை எந்த நிலையில் வரைகிறார்களோ அதே நிலையில், அதே வளைவோடு, ஹாக்ஐ என்ற ஆண் வில்லாளியை வரைந்து பார்ப்பது. முதுகெலும்பு எங்கே ஒடிகிறது, கண் எங்கே போகிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டத்தில் பென்சில் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், செய்து பாருங்கள். அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

சரி, லேண்டுக்கு வருவோம். இவர் மேல் ரசிகர்கள் நெடுநாளாகச் சொல்லும் குறை வேறு. பத்திரிகைப் புகைப்படங்களை அப்படியே படியெடுத்துப் பாத்திரமாக்குகிறார், அதே சிரிப்பு அதே முகம் கதைக்குக் கதை திரும்பி வருகிறது என்பது. புகைப்படத்தைப் பார்த்து வரைவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் பேனர் வரைந்தவர்கள் எல்லோரும் ஒரு சின்ன ஃபோட்டோவில் கட்டம் போட்டு, அதையே பத்தடித் துணியில் பெரிதாகக் கட்டம் போட்டுத்தான் முகத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் அலெக்ஸ் ராஸ் மாடல்களை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்துத்தான் வரைகிறார், அவரை யாரும் ஏசுவதில்லை. காரணம், ராஸ் கதைக்கு என்ன முகபாவம் வேண்டுமோ அதை மாடலிடம் கேட்டு வாங்குகிறார். ஏற்கெனவே யாரோ வேறு எதற்கோ எடுத்த படத்திலிருந்து ஒரு முகத்தைக் கொண்டுவந்து ஒட்டினால், அந்த முகம் வந்த இடத்தின் பாவத்தையும் கூடவே கொண்டுவரும். விளம்பரத்துக்காகச் சிரித்தவள் சண்டையின் நடுவிலும் விளம்பரத்துக்காகவே சிரிப்பாள். லேண்டின் பக்கங்களில் எனக்குள்ள குறை இதுதான். ஜெசிக்கா ட்ரூ, அதாவது நம் ஸ்பைடர்-வுமன், அடி வாங்குகிறாள், ஓடுகிறாள், கோபப்படுகிறாள், ஆனால் முகம் எப்போதும் யாரோ ஒரு கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. வசனத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், அவள் என்ன நினைக்கிறாள் என்று சொல்ல முடியாது.

அவருக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். முதல் நான்கு இதழ்கள் பல உலகத்து ஸ்பைடர்-மேன்கள் எல்லோரும் கூடும் ஒரு பெரிய நிகழ்வுக் கதைக்குள் மாட்டிக்கொண்டவை. எந்த ஓவியர் வந்திருந்தாலும் அங்கே ஜெசிக்காவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்காது.

இப்போது ஐந்தாவது இதழைத் திறங்கள். 2015 மார்ச்சில் வந்தது. ஜெசிக்கா அவெஞ்சர்ஸ் கூட்டத்தை விட்டு விலகி, தனியாகத் துப்பறியக் கிளம்புகிறாள். நிருபர் பென் யூரிக் துணைக்கு வருகிறார். 1977ல் மேரி செவெரின் வடிவமைத்த, உடம்போடு ஒட்டிய அந்தச் சிவப்பு உடை போய், கிரிஸ் அங்கா வடிவமைத்த புது உடை வருகிறது: ஜாக்கெட், கையுறை, மஞ்சள் கண்ணாடி. அந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். துணிக்கு மடிப்பு உண்டு. ஓவியருக்கு மடிப்பு கிடைத்துவிட்டால் பாதி நடிப்பு கிடைத்த மாதிரி. தோள் தளர்ந்தால் ஜாக்கெட் தொங்கும், திரும்பி ஓடினால் ஓரம் பறக்கும், குளிரில் நிற்கும்போது கை பைக்குள் போகும். ஒட்டுத்துணி உடையில் இது எதற்கும் வழியில்லை, உடம்பின் வளைவு ஒன்றுதான் பேசும். ரோட்ரிகஸ் இதை முழுக்கப் பயன்படுத்துகிறார். ஒரே பெரிய கட்டத்துக்குள் அவளையே நாலைந்து இடத்தில் வரைந்து, கண் அவள் பின்னாலேயே போகும்படி செய்கிறார். அவள் எங்கிருந்து வந்தாள், எங்கே தடுமாறினாள், எப்படிச் சமாளித்தாள் என்பது வசனம் இல்லாமலே புரிகிறது.

ரசிகர்கள் போட்ட சத்தத்தால்தான் இது மாறியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதழ்கள் பல மாதம் முன்பே திட்டமிடப்படுபவை. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறந்தவர்கள் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு திறந்தார்கள். கிடைத்ததும் கொண்டாடினார்கள்.

உடம்பைக் காட்டினால் கெட்ட படம், மூடினால் நல்ல படம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு நம்மிடமே ஒரு நாயகி இருக்கிறாள். 1984ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டி பிளைஸிதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய அந்த இதழ்களைப் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அவள் இன்றைக்கும் இளவரசி. கதையில் அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின் அவளை அழைக்கும் அதே பெயர்.

மாடஸ்டியின் கதையில் ஓவியர் மாறிய வரலாறு உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்தும். எழுத்தாளர் பீட்டர் ஓடானல். ஓவியராக முதலில் சோதித்துப் பார்த்தது 'டான் டேர்' என்ற பிரிட்டிஷ் விண்வெளிக் காமிக்ஸால் புகழ்பெற்ற ஃபிராங்க் ஹாம்ப்சனை. எவ்வளவு பெரிய பெயர்! ஓடானலுக்கு அவர் வரைந்த மாடஸ்டி ஒட்டவில்லை, வேண்டாம் என்றுவிட்டார். பழைய கூட்டாளி ஜிம் ஹோல்டவே வந்தார். 1963 மே மாதம் லண்டன் ஈவ்னிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் தொடர் ஆரம்பம். 1970ல் ஒரு கதையின் நடுவிலேயே ஹோல்டவே இறந்துபோனார். மீதியை முடிக்க வந்தவர் ஸ்பெயினின் என்ரிக் ரொமேரோ. அப்புறம் ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட், நெவில் கால்வின், 1986ல் மறுபடி ரொமேரோ, 2001ல் தொடர் முடியும்வரை.

ஹோல்டவேயின் மாடஸ்டி கண்ணில், அவள் சிறுமியாக இருந்த பழைய அகதி முகாம் தெரியும். கறுப்பு மையை அள்ளிப் போட்டு நிழலில் நிறுத்துவார். ரொமேரோவின் மாடஸ்டி அழகி, உடையும் குறைவு. தமிழில் படித்த எங்களுக்கு இருவர் வரைந்ததும் கலந்துதான் கிடைத்தன, அதனால் ஹோல்டவே கட்சி, ரொமேரோ கட்சி என்று எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. நான் ஹோல்டவே கட்சி. ஆனால் ரொமேரோ வந்ததால் மாடஸ்டி கெட்டுப்போனாள் என்று யாராவது சொன்னால் மறுப்பேன். கடைசிவரை எழுதியவர் ஓடானல் ஒருவரே. ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுப்பவள் அவளாகவே இருந்தாள்.

மாடஸ்டியிடம் ஒரு உத்தி உண்டு. எதிரிகள் நிறைந்த அறைக்குள் மேலாடை இல்லாமல் நிதானமாக நடந்து நுழைவாள். அத்தனை ஆண்களும் ஓரிரு நொடி உறைந்து நிற்பார்கள். அந்த நொடிக்குள் வில்லியும் அவளும் வேலையை முடித்துவிடுவார்கள். அதைவிட வெளிப்படையான காட்சி ஒரு நாளிதழ்த் தொடரில் இருக்க முடியுமா? ஆனால் அங்கே முட்டாளாவது பார்க்கிறவன். அவன் பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும், அதை ஆயுதமாக எடுத்ததும் அவள்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2014 நவம்பரில் வொண்டர் வுமன் 36ஆம் இதழிலிருந்து டேவிட் ஃபின்ச் வரைய வந்தார், மனைவி மெரிடித் ஃபின்ச் எழுதினார். அதற்கு முன் மூன்று வருடம் பிரையன் அசரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் செய்த தொடர், அதுவும் சண்டை சச்சரவு இல்லாமல் வந்ததல்ல. தொடங்கும் முன்பே ஒரு பேட்டியில் ஃபின்ச், வலுவான பாத்திரமாக அவளைக் காட்டப்போகிறோம், ஆனால் பெண்ணியவாதி என்று சொல்ல விரும்பவில்லை என்கிற மாதிரி பேசி மாட்டிக்கொண்டார். பேட்டியில் வாய் தவறியதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். இதழ் வந்த பிறகுதான் எனக்கு மனம் விட்டுப்போனது. சியாங் வரைந்த டயானா (வொண்டர் வுமனின் இயற்பெயர்) முகத்தில் வயதும் நிதானமும் இருந்தன. ஃபின்ச்சின் டயானாவுக்குச் சிறுமி முகம். முதல் இதழிலேயே குளியல் காட்சி. அதில் அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை, நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். காட்டிய உடம்பின் அளவை எடுத்தால் மாடஸ்டிதான் அதிகம். ஆனாலும் எனக்கு உறுத்துவது இதுதான்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது துகிலுரியும் இரவன்று கூட்டம் அதிகம். ஒரு பெண்ணை அவையில் அவமானப்படுத்தும் காட்சி. வேஷம் கட்டுவதும் ஆண்தான். அந்த வேஷம் இந்த வருடம் யாருக்கு என்று ஊரே பேசும், சிலர் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். விடிய விடிய உட்கார்ந்து பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும்: கூந்தலை விரித்துச் சபதம் போட்டபோது உடம்பு சிலிர்த்ததா? சிலிர்த்தால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறவர்கள் உண்டு. சிலிர்க்காவிட்டால், எவ்வளவு பெரிய வாத்தியாராக இருந்தாலும் டீக்கடையில் அவர் பேச்சு கிழிந்துவிடும். வேஷம் கட்டும் முன்பே கல்லெறிவதும் கிடையாது, கட்டிய பிறகு வாயை மூடிக்கொள்வதும் கிடையாது. காமிக்ஸ் ரசிகர்களும் இப்படி இருந்தால் போதும் என்பது என் ஆசை.

"அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது" என்று பேசும் தரப்பையும் நம்பாதீர்கள். 1941ல் உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் எழுத, எச். ஜி. பீட்டர் வரைய வொண்டர் வுமன் பிறந்த இரண்டே வருடத்தில், பதிப்பகத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த ஜோசெட் ஃபிராங்க், சங்கிலியும் கட்டிப்போடும் காட்சிகளும் மிதமிஞ்சிவிட்டன என்று எதிர்ப்புத் தெரிவித்தார். ஸ்பைடர்-வுமனும் யாரோ ஆசையாகப் பெற்ற குழந்தை இல்லை. அந்தப் பெயரை வேறு நிறுவனம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக மார்வெல் அவசரமாக உருவாக்கிய பாத்திரம். அவளை நேசிக்கத்தக்கவளாக ஆக்கியது பிறகு வந்த நல்ல எழுத்தாளர்களும் ஓவியர்களும், விடாமல் கேள்வி கேட்ட வாசகர்களும்.

எதிர்ப்பை யாரிடம் கொண்டுபோவது என்பதற்கு இன்னொரு சம்பவம். 2016ல் கிரெக் ரக்கா வொண்டர் வுமனை மறுபடி எழுத வந்தபோது மாற்று அட்டைகளுக்கு ஓவியர் ஃபிராங்க் சோவைப் போட்டார்கள். மனாரா அட்டையைக் கிண்டலாக, ஸ்பைடர்-க்வென் என்ற இன்னொரு மார்வெல் நாயகியை வைத்து வரைந்து, முந்தைய வருடம்தான் சர்ச்சையில் சிக்கியிருந்தவர். 24 அட்டை வரையத் திட்டம், 6 அட்டையோடு விலகிவிட்டார். தன் படத்தை வெட்டச் சொன்னார்கள், ரக்காவின் தலையீடு என்று சோ சொன்னார். யார் சரி என்பது உங்கள் விருப்பம், நான் ரக்கா பக்கம். கவனிக்க வேண்டியது, அட்டை விஷயத்தில் கதாசிரியர் சொல்லும் சொல்லுக்கு எடை இருந்தது என்பது. பெரும்பாலும் அது ஆசிரியர் குழுவின் கையில் இருக்கும். ஓவியரின் தனிப்பட்ட பக்கத்துக்குப் போய்த் திட்டுவதால் ஒரு கோடும் மாறாது, மனுஷனுக்கு மன உளைச்சல்தான். பதிப்பகத்துக்கு எழுதுங்கள், இந்த இதழ், இந்தப் பக்கம், இந்தக் கட்டம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பிடித்ததையும் அதே மாதிரி குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஓவியர் நிஜ வாழ்க்கையில் யாருக்காவது தீங்கு செய்தவர் என்றால் அது வேறு கணக்கு. அங்கே வாங்குவதும் விடுவதும் அவரவர் மனசாட்சி. உங்கள் கேள்வி அதைப் பற்றியது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

சேர்ந்து வாங்கும் பணத்தில் மிச்சம் இருந்தால், 2015 நவம்பரில் மறுபடி 1ஆம் இதழிலிருந்து தொடங்கிய அடுத்த ஸ்பைடர்-வுமன் தொடரையும் பட்டியலில் சேருங்கள். ஹோப்லெஸ், ரோட்ரிகஸ் அதே கூட்டணி. ஜெசிக்கா நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் போன மருத்துவமனையை ஸ்க்ரல்கள் என்ற உருமாறும் வேற்றுக்கிரகவாசிகள் வளைத்துக்கொள்கிறார்கள். அந்த வயிற்றோடு அவள் நடப்பதையும், சுவரைப் பிடித்து நிற்பதையும், முறைப்பதையும் ரோட்ரிகஸ் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, முதல் தொகுப்பின் லேண்ட் பக்கம் ஒன்றை எடுத்து உங்கள் நண்பர்கள் முன் வையுங்கள். 'படம் படம்தான்' என்று சொன்னவரையே இரண்டில் எது ஜெசிக்கா என்று கேளுங்கள்.